ஆற்றுக்கு அக்கரையிலும் வேண்டாம்

தோஸ்த்,

கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் வெல்டிங் வாசனை அடித்தது. நாள் முழுக்கத் தோலையும் பசையையும் முகர்ந்து மரத்துப்போன மூக்கு என்னுடையது. அதிலும் இரும்பு கருகும் வாசனை ஏறியது. நிறுத்தத்துக்கு எதிரே, நீ இருந்த காலத்திலிருந்து பூட்டியே கிடந்த கட்டடத்தில் ஓர் ஆள் குந்திக்கொண்டு ஜன்னலுக்குக் கம்பி பொருத்திக்கொண்டிருந்தான். கம்பிக்கு நடுவில் ஒரு கை மட்டும் போய் வருகிற அளவுக்குச் சதுரமாக ஓர் ஓட்டை. மளிகைக் கடைக்கு யாரும் அப்படி ஜன்னல் வைப்பதில்லை. மருந்துக் கடைக்கும் வைப்பதில்லை. அது எந்தக் கடைக்கான ஜன்னல் என்று நம் ஊரில் மூன்றாவது படிக்கிற பிள்ளையும் சொல்லும்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. சாப்பாட்டுக் கூடையைக் கையில் பிடித்தபடி அந்தத் தீப்பொறியையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முதல் கோபம் உன்மேல். இதை என் தலையில் கட்டிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே என்று. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இன்னும் உன்மேல் கோபித்துக்கொள்கிறேன் என்றால் நீ சிரிப்பாய், தெரியும்.

நம்மை முதலில் தோஸ்த் என்று கூப்பிட்டவள் மேல்விஷாரத்திலிருந்து ஆம்பூருக்கு வாக்கப்பட்டு வந்து நம் ஷூ கம்பெனி லைனில் தைத்துக்கொண்டிருந்த பெண். நீ தோலின் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கிக் கொடுப்பாய், நான் அதை மடித்துத் தைப்பேன். உன் மெஷின் நின்றால் என் மெஷினும் நிற்க வேண்டும். ஒருத்தி லீவு போட்டால் மற்றவளுக்குத்தான் திட்டு. இதற்கு மேல் ஒரு சிநேகிதத்துக்குக் காரணம் வேண்டுமா என்ன. ஒரே ஊர், ஒரே வயசு, ஒரே பஸ்.

அந்த மதுக்கடை நம் நிறுத்தத்தில் இருந்த நாட்களை நான் மறக்கப் பார்த்திருக்கிறேன், முடியவில்லை. சாயங்காலம் பஸ் நிற்கும். நாம் பத்துப் பதினைந்து பெண்கள் இறங்குவோம். நிழற்குடைக்குள் இடம் இருக்காது, ஆண்கள் பிளாஸ்டிக் டம்ளரோடு உட்கார்ந்திருப்பார்கள். நாம் தார் ரோட்டில் இறங்கி, லாரிக்கு ஒதுங்கி, கண்ணாடிச் சில்லு பார்த்து நடப்போம். பாதி நாள் உன் வீட்டுக்காரரும் அங்கே இருப்பார். மற்றவர்கள் தங்கள் புருஷனைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். நீ மட்டும் நேராகப் போய் அவர் தோளைத் தட்டுவாய்.

"எழுந்திரு. வூடு இந்தாண்ட இருக்குது."

அவ்வளவுதான் சொல்வாய். அவரும் எழுந்து வருவார். நல்ல மனுஷன், குடிக்காதபோது தங்கம். தோல் ஷெட்டில் அவரைப்போல் வேலைக்காரன் கிடையாது என்று முதலாளியே சொன்னவர். நீ அவரைக் காணிப்பாக்கத்துக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளையார் முன்னால் சத்தியம் வாங்கினாய். வேலூர் ஜில்லாவில் குடிகாரன் வீட்டுப் பெண்களுக்கு அந்தக் கோயில்தான் கடைசிக் கோர்ட். அங்கே சத்தியம் பண்ணி மீறினால் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்று எல்லாரும் பயப்படுவார்கள். பயந்துதான் எல்லாரும் கெடு வைத்துச் சத்தியம் பண்ணுவார்கள். உன் வீட்டுக்காரர் ஒரு வருஷத்துக்குப் பண்ணினார். அந்த ஒரு வருஷமும் தொடவில்லை. வருஷம் முடிந்த மறுநாள் சாயங்காலம் நாம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார். உன்னைப் பார்த்து, "சத்தியத்த மீறலயே" என்றார். அன்றைக்குத்தான் நீ அவர் தோளைத் தட்டாமல் நடந்தாய்.

கடையை எடுக்க வேண்டும் என்று நீ கிளம்பியது அதற்காகவும் இல்லை. உன் மகளுக்காக. அவள் அப்போது பத்தாவது. டியூஷன் முடிந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள் நம் நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறாள் என்று எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். "அப்பா அங்க இருந்தா என் ஃபிரெண்ட்ஸ் பாத்துடுவாங்க, பெரிம்மா" என்றாள். உன்னிடம் சொன்னேன். நீ தோல் சீவிக்கொண்டிருந்தாய். மெஷினை நிறுத்தவில்லை, முகத்தைத் தூக்கவும் இல்லை. மதியச் சாப்பாட்டின்போது, "கடைய எடுக்க இன்னா பண்ணணும்" என்று மட்டும் கேட்டாய்.

மனு எழுத வேண்டும் என்றார்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவரிடம் போனோம். அவர் ஆயிரம் மனு எழுதிய கை. நாம் பேசி முடிப்பதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். பெண்களும் மாணவிகளும் படும் துன்பம் எல்லாம் அழகாக வந்திருந்தது. கடைசியில், "எனவே மேற்படி கடையை வேறு இடத்திற்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்திருந்தார். எல்லா மனுவும் அப்படித்தான் முடியுமாம். நாமும் கையெழுத்துப் போட்டோம். மனு மட்டும் கொடுத்தால் நடக்காது என்று கடைக்கு முன்னால் போய் உட்கார்ந்தோம். சூப்பர்வைசர் லைன் நிற்கிறது என்று கத்தினார், போலீஸ் வந்தது, வெயிலில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். நீ அசையவில்லை. கடைசியில் ஒரு காலையில் லாரி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது.

ஊரே கொண்டாடியது. மறுநாள் நீ லட்டு வாங்கி வந்து லைன் முழுக்கக் கொடுத்தாய். எஸ்தருக்கும் கொடுத்தாய். பாலாற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஊர்க்காரி எஸ்தர், உன் மெஷினுக்கு நேர் எதிரே உட்காருகிறவள். அவளும் சந்தோஷமாகத் தின்றாள். "நல்லா பண்ணீங்கக்கா" என்றாள். அன்று சாயங்காலம் பஸ் நம்மை இறக்கிவிட்டுப் பாலத்தைத் தாண்டி அவள் ஊருக்குப் போனது. அங்கே அவள் இறங்குகிற இடத்தில் நம் கடை திறந்திருந்தது. அதே போர்டு, அதே ஆட்கள்.

அடுத்த நாள் அவள் வந்து இடத்தில் உட்கார்ந்தாள். சண்டை போடவில்லை. உன்னைப் பார்த்து, "உங்க கடை எங்க ஊருக்கு வந்துடுச்சுக்கா" என்றாள். அவள் அதைக் குத்திச் சொல்லவில்லை, தகவல் மாதிரிதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. லைனில் சிலர், நாம் என்ன செய்வோம், அவர்கள் செய்தது என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

"இல்லடி. நாமதான் கேட்டோம்" என்றாய் நீ. "வேற எடத்துக்கு மாத்துங்கன்னு கையெழுத்து போட்டமா இல்லியா? கேட்டத குடுத்துட்டாங்க."

அந்த வாரக் கடைசியிலேயே நீ ஆற்றைத் தாண்டினாய். ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் மாதா கோயில் பூசை முடிந்து வருவாள், நீ பாலாற்று மணலில் நடந்து போய்ச் சேர்வாய். இரண்டு பேரும் அந்த ஊர்ப் பெண்களோடு கடைக்கு எதிரே உட்காருவீர்கள். நம் ஊரில் உன்னைக் கேலி பண்ணினார்கள். இவளுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை என்றார்கள். பேஜார் பிடித்தவள் என்றும் சொன்னார்கள். நான் எப்போதாவது உன்னோடு வந்தேன். பல நாள் துணி துவைக்க இருக்கிறது என்று வீட்டில் நின்றேன்.

அந்த மணலில் உனக்கு முன்னால் வேறு ஆட்களும் நடந்தார்கள். நம் ஊர் ஆண்கள்தான். கடை போன இடத்துக்கு அவர்களும் போனார்கள், உன் வீட்டுக்காரர் உட்பட. திரும்பி வரும்போது சிலர் மணலிலேயே படுத்துவிடுவார்கள். ஒரு வருஷம் மழை கொட்டி ஆற்றில் வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியது நினைவிருக்கிறதா? பாலத்தையும் அடைத்துவிட்டார்கள். தண்ணீர் வடிகிற வரைக்கும் ஒருவரும் அக்கரைக்குப் போக முடியவில்லை. உன் வீட்டுக்காரர் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து மகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். "பாத்தியா, பாலாறு பண்ணுது மதுவிலக்கு" என்று நீ சொன்னாய்.

அப்போதெல்லாம் நீ போனில் மதுவிலக்கு பற்றி எது கிடைத்தாலும் படிப்பாய். காலையில் பஸ் இரைச்சலுக்கு மேல் குரலைத் தூக்கி எங்களுக்கும் படித்துக் காட்டுவாய். வெள்ளைக்காரன் காலத்திலேயே தடை வந்திருக்கிறது, முதலில் சேலம் ஜில்லாவில், பிறகு நம் வட ஆற்காட்டிலும். சேலத்து வீடுகளில் சோறு கூடியது என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தாய். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அதைக் கைவிட்டார்கள். சுதந்திரத்தை ஒட்டி மாகாணம் முழுக்க மறுபடி கொண்டு வந்தார்கள். அப்போதும் உடம்புக்கு வேண்டும் என்று பர்மிட் வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து குடித்தார்கள். பிறகு திறந்தார்கள், மூடினார்கள், திறந்தார்கள். சாராயக் கடையை மூடி, பாட்டில் கடையை விட்டு வைத்தார்கள். கடைசியில் அரசாங்கமே கல்லாவில் வந்து உட்கார்ந்தது. அமெரிக்காக்காரன்கூடச் சட்டம் போட்டுப் பார்த்து எடுத்துவிட்டான் என்றாய்.

"சேலத்துல மூடுனப்ப சேலத்துக்காரன் இன்னா பண்ணியிருப்பான்? பக்கத்து ஜில்லாவுக்கு நடந்திருப்பான், நம்ம ஆளுங்க ஆத்த தாண்டுற மாதிரி" என்றாய். எங்களுக்குச் சிரிப்பு வந்தது.

எஸ்தர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "சாராயக் கடைய மூடுன வருஷம்தான் எங்கப்பா போனாரு. மலையிலேர்ந்து கள்ளச் சாராயத்த கேன்ல எறக்குனாங்க. அதுல இன்னா கலந்தாங்களோ. கண்ணு தெரியலன்னு சொன்னாரு, அப்புறம் ஒண்ணும் சொல்லல. தடை தடைன்னு படிக்கிறீங்க. எங்க வூட்ட பொறுத்த வரைக்கும் அந்தத் தடைதான் அவர கொன்னுச்சு."

நீ போனை மடியில் கவிழ்த்து வைத்தாய். கம்பெனி கேட் வரும்போது சொன்னாய்: "மூடுனது தப்பில்ல எஸ்தர். மூடிட்டு எல்லாரும் வூட்டுக்கு போய்ட்டாங்க பாரு, அதான் தப்பு. பூட்டு போட்டவன் அங்கியே இருந்திருக்கணும். உங்கப்பன் கேன தேடி போறப்ப எவனாவது ஒருத்தன் கூட இருந்திருக்கணும்."

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் எஸ்தர் விடவில்லை.

பிறகு உனக்கு உடம்பு முடியாமல் போனது. கல்லீரல் கெட்டுவிட்டது என்று வேலூரில் சொன்னார்கள். ஏதோ கிருமி, எத்தனையோ வருஷமாக ரத்தத்தில் இருந்திருக்கிறது. அந்த வார்டில் உன்னைச் சுற்றிப் படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் குடித்துக் குடித்து வந்தவர்கள். கண் மஞ்சளாக, வயிறு வீங்கிப் படுத்திருந்தபோதும் உன் வாய் அடங்கவில்லை. "டாக்டரம்மா வந்து, நீ குடிப்பியாமான்னு கேக்குது. கடைக்கு எதிர உக்காந்ததுல வாடை புடிச்சிக்கிச்சுன்னு சொல்லவா?" என்றாய். நான் வெளியே வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். நீ அதையும் கண்டுபிடித்து, "மூஞ்ச கழுவிட்டு வரணும்டி, இல்லன்னா தெரியும்" என்றாய். உன்னிடம் எதையும் மறைக்க முடிந்ததில்லை.

நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் குடியை விட்டார். யாரும் சொல்லவில்லை, எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. உன் மகள் இப்போது நர்ஸிங் இரண்டாம் வருஷம். அவள் லீவுக்கு வரும்போது நம் நிறுத்தத்திலேயே இறங்குகிறாள்.

வெல்டிங் பார்த்த அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் உன் வீட்டுக்காரர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, நான் சத்தியம் எதுவும் பண்ணல. பண்ணா எப்ப முடியும்னு பாத்துக்கினே இருப்பேன். ஆத்த தாண்டி போவணும்னா யோசிக்க நேரம் இருக்குது, பாதியில திரும்பி வந்திருக்கேன். வேலைக்கு போற வழியில, வூட்டுக்கு எதிர இருந்தா... எனக்குத் தெரியலக்கா."

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். அவர் முகம் பயந்துபோயிருந்தது. அக்கரையில் கடை இருந்த இடத்தை அதன் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். அதனால் பழைய இடத்துக்கே திரும்ப வருகிறது. காந்தி ஜெயந்திக்குக் கிராம சபை. அதில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டால் வராது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இதில் எனக்கு என்ன யோசனை? தீர்மானம் போட்டுவிட்டால் முடிந்தது. உன் வீட்டுக்காரர் தப்பிப்பார், உன் மகள் தலை நிமிர்ந்து இறங்குவாள்.

மறுநாள் லைனில் எஸ்தரிடம் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. இங்கே வேண்டாம் என்றால் அவள் ஊரிலேயே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேறு கட்டடம் பார்த்து வைத்திருக்கிறார்களாம். "நீங்க தீர்மானம் போடுங்கக்கா. நாங்க பாத்துக்குறோம்" என்றாள். அவள் அண்ணன் மகன் இப்போதுதான் வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறான், கையில் காசு புழங்க ஆரம்பித்திருக்கிறது. அதை அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

கிராம சபைக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். காந்தி ஜெயந்தி என்பதால் அன்றைக்கு எல்லா ஊரிலும் கடை மூடல். முதல் நாளே வாங்கிப் பதுக்கியவர்கள் பின்வரிசையில் சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து, கடை வேண்டாம் என்று சொன்னேன். கடை தரப்பிலிருந்து வந்திருந்த அதிகாரி மரியாதையான ஆள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"சரிம்மா. உங்க ஊர்ல வேணாம். எழுதிக்கச் சொல்றேன். அந்தாண்டயே வேற எடத்துக்கு மாத்திக்கிறோம்."

கை தட்டினார்கள். நான் உட்கார வேண்டியதுதான் பாக்கி. அப்போது மைதானத்து வேலிக்கு வெளியே எஸ்தர் நிற்பதைப் பார்த்தேன். கூட அவள் ஊர்ப் பெண்கள். நம் சபையில் அவர்களுக்கு ஓட்டு இல்லை, அதனால் உள்ளே வரவில்லை.

"சார், அத எழுதாதீங்க" என்றேன்.

கைதட்டல் நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தி புடவையைப் பிடித்து இழுத்தாள். "இன்னாடி உனக்கு, வந்தத ஏன் கெடுக்குற" என்றாள்.

"அங்கயும் வேணாம்" என்றேன்.

பஞ்சாயத்துச் செயலாளர் பொறுமையாகச் சொன்னார்: "அடுத்த ஊரப் பத்தி இங்க தீர்மானம் போட முடியாதும்மா."

"எங்க ஊரப் பத்தியே எழுதுங்க சார். எங்களுக்கு பதிலா வேற யார் தலையிலயும் இத வைக்க எங்க ஊருக்குச் சம்மதம் இல்லன்னு எழுதுங்க."

"அப்பிடி எழுதுனா ரெண்டுல ஒண்ணும் நடக்காம போவலாம்மா" என்றார் அதிகாரி. "இங்கயே தொறந்தாலும் தொறந்துடுவாங்க."

அந்த நேரத்தில் நான் உன் வீட்டுக்காரரைத்தான் பார்த்தேன். நான் பணயம் வைப்பது என் வீட்டை இல்லை, உன் வீட்டை. அவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். சபையில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் குடிகாரன். எல்லாருக்கும் தெரியும். இங்க மூடுனப்ப நான் அங்க போய் குடிச்சேன். என் சம்சாரம் எனக்குப் பின்னாலேயே வந்து கடைக்கு எதிர உக்காந்துது. இங்க தொறந்தா எனக்கு பயமா இருக்குது. ஆனா அக்கா சொல்றதுதான் சரி, அதயே எழுதுங்க."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். தூக்கிய கையை இறக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் ஒருவர் தூக்கினார். என் புடவையை இழுத்தவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தூக்கினாள். எல்லாரும் தூக்கவில்லை, தோஸ்த், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தீர்மானத்துக்குப் போதுமான கைகள் இருந்தன. செயலாளர் நான் சொன்னதை அப்படியே எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். ஒரு தடவை யோசிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் நாம்.

அதற்கடுத்த வாரம் எஸ்தரும் அவள் ஊர்த் தலைவரைப் பிடித்துச் சிறப்புக் கூட்டம் போட வைத்து அதே தீர்மானத்தைப் போட்டாள். இந்த முறை நாங்கள் வேலிக்கு வெளியே போய் நின்றோம். அக்கரைக் கடையைக் காலி பண்ணிவிட்டார்கள், இன்னும் எந்தப் பக்கமும் கடை திறக்கவில்லை. திறக்காது என்று நான் நம்பிவிடவில்லை. தீர்மானத்தைத் தூக்கிக் குப்பையில் போட எத்தனை நேரம் ஆகும்? மலையிலிருந்து கேன் இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும், எஸ்தர் அதில் கண்ணாக இருக்கிறாள்.

அதனால் முறை போட்டிருக்கிறோம். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இந்தக் கரையில் கொஞ்சம் பேர், அந்தக் கரையில் கொஞ்சம் பேர். உட்காருவதோடு விடுவதில்லை. குடியை விட்டவர்கள் வீட்டுக்கும், விட முடியாமல் கை நடுங்குகிறவர்கள் வீட்டுக்கும் போய் வருகிறோம். இரண்டு பேரை வேலூருக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறோம். ஒருவர் ஓடி வந்துவிட்டார், மறுபடி கூட்டிப் போவோம். உன் வீட்டுக்காரர் தினமும் வேலை முடிந்து எங்களோடு வந்து கொஞ்ச நேரம் உட்காருகிறார். சில நாள் பேசுகிறார், சில நாள் பேசுவதில்லை. பேசாத நாளில் நான் வீடு வரைக்கும் கூட நடக்கிறேன்.

துணி துவைக்க இருக்கிறது என்று உன்னோடு வராமல் நின்ற ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. அதற்காக அழுதுகொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. எஸ்தர் ஊரில் என் முறை. பூட்டிய கதவுக்கு எதிரே போய் உட்காருவேன், இருட்டுகிற வரைக்கும் இருப்பேன், அடுத்த வாரமும் போவேன். நீ சொல்லிக் கொடுத்து எனக்குத் தெரிந்த மதுவிலக்கு இவ்வளவுதான்.